கேரளா வருகிறது: வியாழக்கிழமை மேட்சுக்கு முன் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

2025 ஜனவரி 30, வியாழன், இரவு 7.30 மணி. பெரியமேடு ஜவாஹர்லால் நேரு மைதானத்தில், அதாவது ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பாஷையில் மெரினா அரீனாவில், சென்னையின் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதுகின்றன. வருஷம் முழுக்க கால்பந்து பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட கேரளா வருகிற வாரத்தில் மட்டும் எனக்கு ஃபோன் போடுகிறார்கள். மாமனார், ஆபீஸ் நண்பர்கள், மாடி வீட்டுத் தம்பி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். நான் நிபுணர் கிடையாது. 2014-இல் அணி தொடங்கியதிலிருந்து ஸ்டாண்டில் உட்கார்ந்து கத்துகிறவன், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஸ்கோர் என்ன?

2-1. நாம்தான்.

இதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உங்கள் கணிப்பு எப்போதாவது பலித்திருக்கிறதா?

எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில், மேட்ச் நாள் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஸ்கோர் எழுதி வைப்பேன். மறுநாள் காலை தாளைக் கிழிக்கும்போது மனைவி அதைச் சத்தமாகப் படிப்பார். இந்த சீசனில் சென்னையில் எட்டு ஆட்டம் முடிந்துவிட்டது. எட்டுக்கும் நாம் ஜெயிப்போம் என்றே எழுதினேன். பலித்தது ஒன்றே ஒன்று, டிசம்பரில் ஹைதராபாதை 1-0 என்று ஜெயித்தோமே, அது. அதுவும் நான் எழுதியது 3-0.

ஈஸ்ட் பெங்காலுக்கு 2-0 என்று எழுதியிருந்தேன். ஸ்கோர் அச்சு அசலாகச் சரி. அணிதான் மாறிப்போய்விட்டது.

எட்டில் ஒரு வெற்றியா? அவ்வளவு மோசமாகவா போகிறது?

சென்னையில், ஆமாம். சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில், அந்த வருஷம்தான் ஐஎஸ்எல்-க்குள் வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 0-1 என்று தோற்றோம். கோவாவுடன் 2-2, மும்பையுடன் 1-1. ஈஸ்ட் பெங்காலைத்தான் சொன்னேனே. பெங்களூரு வந்து நாலு கோல் போட்டுவிட்டுப் போனது, நமக்கு இரண்டு. ஒடிசாவுடன் 2-2. போன வாரம் மோகன் பகானுடன் 0-0, அதை மட்டும் தாராளமாக நல்ல முடிவு என்று சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், வெளியூரில் இதே அணி புவனேஸ்வரில் ஜெயித்தது, குவாஹாத்தியில் ஜெயித்தது, ஜாம்ஷெட்பூரில் 5-1 என்று நொறுக்கியது. இதுவரை வந்த நாலு வெற்றியில் மூன்று வெளியூர். வெளியே புலி, வீட்டுக்குள் எலி என்று மாமனார் சொன்னார். அவர் அணியைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் வியாழக்கிழமை ஜெயிப்போம் என்கிற தைரியம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னையில் இதுவரை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மைதானத்தில் ஒன்பது முறை வந்து ஆடியிருக்கிறார்கள். ஐந்தில் நாம் ஜெயித்தோம், நாலு டிரா. 2014-இல் 2-1. 2015-இல் 4-1, அன்று கொலம்பியாக்காரர் ஸ்டிவன் மெண்டோசா ஹாட்ரிக் அடித்தார். அந்த சீசனில் மொத்தம் 13 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட்டும் வாங்கினார். அப்புறம் 2016-இல் ஒன்று, 2018-இல் ஒன்று என்று இரண்டு முறை கோலே விழாமல் 0-0, நடுவில் 2017-இல் 1-1. அந்த இரண்டு 0-0-வையும் நேரில் பார்த்தவன் நான். முழு மரியாதையோடு சொல்கிறேன், இரண்டிலுமே தூக்கம் வந்தது.

2019 டிசம்பரில் 3-1. அந்த ஆட்டத்தில் நாலு கோலும் இடைவேளைக்கு முன்பே விழுந்துவிட்டன. நான் டீ வாங்கப் போய்விட்டு வந்தபோது ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். பக்கத்து சீட்டு அண்ணன் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினார், சாங்க்டே இப்படி வெட்டினான், இப்படித் தட்டினான் என்று. டிவியில் ரீப்ளே பார்த்தபோது அண்ணன் நடிப்புதான் நன்றாக இருந்தது. 2022-இல் 1-1. போன வருஷம் பிப்ரவரியில் ஆகாஷ் சங்வானின் ஒரே கோலில் 1-0.

ஆக, நம்முடைய இந்த சீசன் நிலவரத்தைப் பார்த்தால் அவர்கள் ஜெயிக்க வேண்டும். இந்த மைதானத்தின் கதையைப் பார்த்தால் அவர்களால் முடியாது. நான் மைதானத்தின் பக்கம் நிற்கிறேன்.

ஒன்பது என்றால் 2014 அரையிறுதியும் அதில் சேர்ந்ததா?

அதைக் கிளறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

சேர்ந்ததுதான். முதல் சீசன். லீகில் நாம்தான் முதலிடம். அரையிறுதியின் முதல் ஆட்டம் கொச்சியில், 0-3. இனி என்ன இருக்கிறது என்று பாதிப் பேர் டிக்கெட்டைக் கைமாற்றிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டம் சென்னையில். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சில்வெஸ்டர் ஒரு கோல். அப்புறம் ஜிங்கன் காலில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே ஒன்று. தொண்ணூறாவது நிமிடம் ஜெஜே மூன்றாவதைப் போட்டபோது, முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார். நான் எழுபத்தெட்டு கிலோ. மொத்தக் கணக்கு 3-3, கூடுதல் நேரம். 117-ஆவது நிமிடத்தில், பெனால்டி ஷூட் அவுட்டுக்கு எல்லோரும் மனதளவில் தயாராகிக்கொண்டிருந்தபோது, கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்று வைத்தார்.

3-1 என்று ஜெயித்துவிட்டு வெளியே போனோம். அதாவது, கேரளா சென்னையில் ஜெயித்ததே இல்லை என்பது உண்மை. சென்னையில் தோற்றே ஒரு முறை இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

நவம்பரில் கொச்சியில் 3-0 என்று வாங்கினோமே?

வாங்கினோம். ஹிமினெஸ், நோவா சதாவி, ராகுல் கே.பி. மூன்று கோலும் இரண்டாம் பாதியில். ஐம்பது நிமிடம் வரை ஆட்டம் நம் கையை விட்டுப் போகவில்லை. முதல் கோல் விழுந்ததும் மொத்தமும் கலைந்துபோனது.

ஆனால் அன்று பார்த்த கேரளா இப்போது இல்லை. கோச் மிகேல் ஸ்டாரேவை டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற டி.ஜி. புருஷோத்தமன் அணியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருக்கிறார். இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியும் ஒன்பது பேராக நின்று டில்லியில் பஞ்சாபை 1-0 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது, தட்டவில்லை. போன வாரம் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 1-2. ராகுல் கே.பி. இந்த மாதம் ஒடிசாவுக்குப் போய்விட்டார். அந்த மூவரில் ஒருவர் குறைந்தார் என்று நான் நிம்மதியாக இருக்கிறேன்.

நம் பக்கம் யாரை நம்பலாம்?

கானர் ஷீல்ட்ஸ். அந்த ஸ்காட்லாந்துக்காரரின் காலில் பந்து இருக்கும்போதுதான் நம் அணிக்கு ஒரு யோசனை இருப்பது போலத் தெரிகிறது. கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கொடுக்கிற பந்தை முடிக்க வில்மர் ஜோர்டன் கில். வில்மருக்கு ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு போதும். பிரச்சினை, அவருக்குக் கோபம் சீக்கிரம் வரும். தொண்ணூறு நிமிடமும் அவர் களத்தில் நின்றால் ஒரு கோல் உறுதி என்று எழுதித் தருகிறேன்.

பின்னால் ரயன் எட்வர்ட்ஸ். அவர் பக்கத்தில் இப்போது பிரீதம் கோட்டால் வந்திருக்கிறார். இது ருசியான கதை. இந்த மாதம் வரை கோட்டால் கேரளாவின் ஆள். நாம் பிகாஷ் யும்னமை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவரை வாங்கினோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. போன மாதம்வரை ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தவருக்கு அவர்கள் கேப்டன் லூனா எந்தப் பக்கம் திரும்புவார், ஹிமினெஸ் எந்தக் காலில் அடிப்பார் என்று தெரிந்திருக்கும் அல்லவா? என் 2-1 கணிப்பில் பாதி பலம் இதுதான். மீதிப் பாதி, யும்னமுக்கும் நம்மைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதை நினைக்காமல் இருப்பதில் இருக்கிறது.

கோச் ஓவன் கோயில். பெயரைத் தமிழில் எழுதினால் கோயில் என்றுதான் வருகிறது. வேண்டுதலையும் அவரிடமே வைத்துவிடுகிறோம். 2019 டிசம்பரில் முதல் முறை வந்தபோது கடைசி இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த அணியை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனவர். மேலே சொன்ன 3-1 அவர் காலத்தில்தான். அடுத்த பிப்ரவரியில் கொச்சிக்கே போய் 6-3 என்று ஜெயித்ததும் அவர் காலத்தில்தான். ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல். நோவா ஆடினால் அவரைக் கட்டிப்போட வியாழக்கிழமை கோயில் யாரை நிறுத்துவார் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் இரண்டு பேரை நிறுத்துவேன்.

எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது?

எண்பதாவது நிமிடத்தை. இந்த மாதம் ஒடிசாவோடு 2-0 என்று முன்னிலையில் இருந்தோம், 2-2 ஆனது. அடுத்த வாரம் கொல்கத்தாவில் முகமதனோடு மறுபடி 2-0, மறுபடி 2-2. அந்த ஆட்டத்தில் காயங்களுக்காகக் கொடுக்கிற கடைசி நிமிடங்களில்தான் பறிகொடுத்தோம். அந்த நாலு புள்ளி கையில் இருந்திருந்தால் இன்று அட்டவணையைப் பார்க்கிற பார்வையே வேறு. ஒரு கோல் முன்னிலை என்றால் பயம் வரும், இரண்டு கோல் என்றால் தூக்கம் வரும் என்பார்கள். எனக்கு இரண்டு கோல் முன்னிலைதான் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் கணிப்பை 2-0 என்று எழுதவில்லை.

சொந்த மைதானத்தில் ஆடுவது எல்லோருக்கும் பலம் என்பார்களே, நமக்கு மட்டும் ஏன் இப்படி?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதல் காரணம், அந்த ஓடுதளம். நேரு மைதானம் கால்பந்துக்கென்று மட்டும் கட்டியது இல்லை. புல்தரையைச் சுற்றி தடகள டிராக் ஓடுகிறது. நாம் கத்துகிற கத்தல் அந்த டிராக்கைத் தாண்டி உள்ளே போவதற்குள் பாதி காற்றில் கரைந்துவிடும். எதிரணி கோல்கீப்பர் காதுக்குள் கத்துகிற சுகம் இங்கே கிடையாது.

இரண்டாவது காரணம் கேரளாவுக்கு மட்டும் பொருந்தும். அவர்கள் ஊர் ரயில் பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வருகிறது. சென்ட்ரலிலிருந்து மைதானம் நடக்கிற தூரம். அது போதாதென்று ஓஎம்ஆர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரி மாணவர்கள், டீக்கடை சேட்டன்கள் என்று இங்கேயே ஒரு ஊர் மலையாளிகள் இருக்கிறார்கள். கேரளா ரசிகர் குழுவான மஞ்சப்படா ஆட்கள் செண்டையோடு வந்து உட்கார்ந்தால் ஸ்டாண்டில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் பூசினாற்போல இருக்கும். நம் பக்கம் சூப்பர்மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் தொண்டை கிழியக் கத்துவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கூட்டம் அதிகமாக இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு உணர்வு இருக்கும்.

வியாழக்கிழமை என்னுடைய பெரிய ஆசை 2-1 கூட இல்லை. முதல் இருபது நிமிடம் செண்டைச் சத்தத்தை மீறி நம் சத்தம் கேட்க வேண்டும். வேலை நாள்தான், ஏழு மணிக்குள் ஆபீஸிலிருந்து கிளம்புவது கஷ்டம்தான், தெரிகிறது. தலைவலி என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வருமா?

பாட்டு வரும், கிண்டல் வரும், சண்டை நான் பார்த்ததில்லை. என் ஆபீஸில் ஒரு திருச்சூர்க்காரன் இருக்கிறான். நானும் அவனும் ஒரே வண்டியில்தான் மைதானத்துக்கு வருகிறோம். கேட்டுக்கு முன்னால் நான் நீலச் சட்டையையும் அவன் மஞ்சள் சட்டையையும் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பிரிந்துவிடுவோம்.

அவனிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுகிற ஒரு விஷயம் இருக்கிறது. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியை கேரளா முதன்முதலாக ஜெயித்தது 1973-இல். அந்த அணிக்குக் கோச் யார்? நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெருவுக்கு எதிராக கோல் அடித்தவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். உங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததே எங்க ஆள்தான் என்பேன். அதனால்தான் நன்றிக்கடனாக சென்னையில் ஜெயிக்காமல் இருக்கிறோம் என்பான். பதில் இல்லை என்னிடம்.

நம்ம ஊர்ப் பையன்கள் யாராவது இந்த மைதானத்தில் சாதித்திருக்கிறார்களா?

2018 மார்ச், கோவாவுடன் அரையிறுதி. 3-0 என்று ஜெயித்தோம். ஜெஜே இரண்டு, இன்னொன்று தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். வியாசர்பாடி இங்கிருந்து எத்தனை தூரம் என்று வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும், சைக்கிளில் வந்துவிடலாம். அங்கே ஒவ்வொரு தெருவிலும் பந்து உருளும், ஐஎஸ்எல் வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே. அந்தத் தலையடி கோல் விழுந்தபோது வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஜெஜேவுக்குக் கத்தியவர்கள் அணிக்காகக் கத்தினார்கள், கணேஷுக்குக் கத்தியவர்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் கத்தினார்கள். நாலு நாள் கழித்து பெங்களூரிலேயே பெங்களூருவை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பையை வாங்கினோம். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டினார்.

பிளே-ஆஃப் போக முடியுமா?

17 ஆட்டத்தில் 18 புள்ளி. இன்னும் 7 ஆட்டம். பதிமூன்று அணியில் முதல் ஆறுக்குள் வர வேண்டும். கேரளாவுக்கு 18 ஆட்டத்தில் 21. ஜெயித்தால் அவர்களைத் தொட்டுவிடுவோம், கையில் அவர்களைவிட ஒரு ஆட்டம் கூடுதலாகவும் இருக்கும். தோற்றால் கால்குலேட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

முதல் முறை வருகிறேன், எப்படி வருவது?

மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கமாக நடங்கள், கால் மணி நேரம். வண்டியில் வந்தால் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டுங்கள், உள்ளே விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். சாப்பாடு உள்ளே எதிர்பார்க்காதீர்கள், பெரியமேட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம்.

அமாவாசைக்கு மறுநாள் மேட்ச் வைத்திருக்கிறார்களே?

இது என் அம்மாவின் கேள்வி. புதன்கிழமை தை அமாவாசை, வியாழன் பிரதமை. அஷ்டமி நவமி மாதிரி பிரதமையும் ஆகாது என்பது அம்மா கட்சி. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மேட்ச் ஆரம்பிப்பதற்குள் பிரதமை முடிந்து துவிதியை பிறந்துவிடுகிறது. அம்மாவிடம் காட்டினேன். "அந்த மலையாளத்தானுக்கும் அதே துவிதியைதானடா?" என்றார்.

ஒருவேளை தோற்றுவிட்டால்?

திருச்சூர்க்காரனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றவன் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும், காலை பத்து மணி மீட்டிங்கிலும் அதே சட்டைதான். எனக்கு மஞ்சள் சட்டை வாங்கிவிட்டாயா என்று கேட்டேன், அவன் சிரிக்கிறான், பதில் சொல்லவில்லை. நான் அவன் அளவுக்கு நீலச் சட்டை ஞாயிற்றுக்கிழமையே வாங்கியாகிவிட்டது. லார்ஜ். விலைச் சீட்டை மட்டும் இன்னும் கிழிக்கவில்லை.